சபை இதழுக்கு ஒரு பெயர்: மும்பைத் தமிழ்ச் சபைகளுக்கான வழிகாட்டி

சபைக்கென்று ஓர் இதழ் தொடங்குவதாகத் தீர்மானம் ஆனதும் முதல் கூட்டத்தில் பேசப்படுவது பெயர்தான். பக்கம் எத்தனை, காகிதம் எது, யார் தட்டச்சு செய்வது, மெய்ப்பு யார் பார்ப்பது என்பதெல்லாம் பின்னுக்குப் போய்விடும். பெயரைப் பற்றி எல்லாரிடமும் ஒரு கருத்து உண்டு. அதைச் சொல்ல உழைப்பும் வேண்டாம், பணமும் வேண்டாம். கூட்டம் முடிவதற்குள் ‘ஜீவ ஒளி’, ‘அருள் ஒளி’, ‘விடியல்’, ‘சமாதானத் தூதன்’ ஆகிய நான்கும் குறிப்பேட்டில் ஏறியிருக்கும் என்று துணிந்து சொல்லலாம்.

நான்கும் நல்ல சொற்கள்தான். ஆனால் அவற்றை எடுத்துப்போய்ப் பாளையங்கோட்டையிலோ சேலத்திலோ உள்ள ஒரு சபை இதழின் அட்டையில் ஒட்டினாலும் அப்படியே பொருந்திவிடும். அதுதான் குறை. தாராவி, சயான், ஆன்டாப் ஹில், செம்பூர், பாண்டுப், மலாடு, கல்யாண் என்று பரவிக் கிடக்கும் மும்பைத் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு ஊரில் இருக்கும் சபைகளுக்கு இல்லாத ஒரு வாழ்க்கை இருக்கிறது. பெயர் அதிலிருந்து வர வேண்டும் என்பது என் கட்சி. நீங்கள் கத்தோலிக்கத் தமிழ்ச் சமூகமாக இருந்தாலும், சிஎஸ்ஐ, மெதடிஸ்ட், லுத்தரன், பெந்தெகொஸ்தே சபையாக இருந்தாலும் இது பொருந்தும். இந்தப் பொறுப்பு முதன்முறையாக உங்கள் தலையில் விழுந்திருந்தால், கீழே உள்ள வரிசையில் போங்கள்.

1. இதழின் அளவை முதலில் முடிவு செய்யுங்கள்

மாதம் நான்கு பக்கம், அதில் ஆராதனை நேரம், பிறந்தநாள், திருமண நாள், ஜெபக்குறிப்பு, ஒரு சிறு செய்தி என்றால் அதற்கு ‘மடல்’ போதும். கதை, கட்டுரை, மறைநூல் ஆய்வு எல்லாம் சேர்ந்து காலாண்டுக்கு ஒருமுறை வரும் தடித்த இதழ் என்றால் கொஞ்சம் கனமான பெயரைத் தாங்கும். நான்கு பக்கத் தாளுக்கு ‘களஞ்சியம்’ என்று பெயர் வைத்துவிட்டு, மூன்றாம் மாதமே நிரப்ப ஒன்றும் இல்லாமல் திணறும் ஆசிரியர் குழுவைப் பார்க்கப் பாவமாக இருக்கும். அச்சில் வருமா, வாட்ஸ்அப்பில் பிடிஎஃப் ஆக மட்டும் போகுமா என்பதையும் இப்போதே பேசிவிடுங்கள். பின்னால் வரும் சில சோதனைகள் அதைப் பொறுத்தவை.

2. முன்னோர் வைத்த பெயர்களைப் பாருங்கள்

தமிழில் கிறிஸ்தவ இதழ்களுக்கு நீண்ட வரலாறு உண்டு. யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் 1841இல் ‘உதயதாரகை’யைத் தொடங்கியது. அடுத்த ஆண்டே, 1842இல், அகமத்நகரில் அமெரிக்க மராத்தி மிஷன் ‘ஞானோதய’ என்ற மராத்தி இதழைத் தொடங்கியது. இரண்டு மிஷன்களையும் அனுப்பியது அமெரிக்காவில் இருந்த ஒரே தாய்ச் சங்கம்தான். ஒன்று தமிழ், ஒன்று மராத்தி. இரண்டின் பெயரிலும் உதயம். இருளில் இருக்கும் தேசத்துக்குத் தாங்கள் வெளிச்சம் கொண்டுவருவதாக மிஷனரிகள் எண்ணிய காலம் அது. அன்று அந்தப் பெயர்களில் ஒரு வேகம் இருந்தது. ஏறத்தாழ 180 ஆண்டுகள் கழித்தும் நாம் உதயம், விடியல், தாரகை, ஒளி என்று அதே கிழக்குத் திசையையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். வெளிச்சம் சம்பந்தப்பட்ட எந்தச் சொல்லையும் முதல் பட்டியலில் சேர்ப்பதில்லை என்று ஒரு விதி வைத்துக்கொள்வது உங்கள் வேலையைப் பாதியாகக் குறைக்கும்.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வெளிவந்த ‘நற்போதகம்’ வேறு வகை. அது தான் செய்கிற வேலையையே பெயராக வைத்துக்கொண்டது. தமிழகக் கத்தோலிக்க வார இதழான ‘நம் வாழ்வு’ இன்னொரு வகை. அதில் சமயச் சொல் ஒன்றுகூட இல்லை. ‘நம்’ என்ற ஒரு சொல்லே வாசகரை உள்ளே இழுத்துக்கொள்கிறது. புதியவர்கள் பொதுவாகக் கவனிக்காத பாடம் இது. பெயரிலேயே ஜெபம் செய்து முடித்துவிட வேண்டியதில்லை.

மும்பையில் இருக்கிறோம் என்பதால் இங்கே உள்ள இரண்டையும் பார்த்துவிடுவது நல்லது. பம்பாய் உயர்மறைமாவட்டத்தின் ஆங்கில வார இதழான ‘தி எக்ஸாமினர்’ 1850இல் தொடங்கியது. ஆராய்ந்து பார்க்கிறவன் என்ற மிடுக்கான பெயர். வசாயிலிருந்து வரும் மராத்தி மாத இதழ் ‘சுவார்த்தா’. நற்செய்தி என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த எளிய பெயரின் கீழ் வெளிவந்த எழுத்து கிறிஸ்தவர் அல்லாத மராத்தி வாசகர்களையும் எட்டியது. அதன் ஆசிரியராக நெடுங்காலம் இருந்த பாதிரியார் பிரான்சிஸ் திப்ரிட்டோ 2020இல் அகில பாரத மராத்தி இலக்கிய மாநாட்டுக்குத் தலைமை வகித்தார். பெயர் வித்தியாசமாக இருந்தால்தான் இதழ் எடுபடும் என்று வாதாடுகிறவர்களிடம் இந்த எடுத்துக்காட்டைச் சொல்லலாம். நானும் அவ்வப்போது எனக்கே சொல்லிக்கொள்கிறேன்.

3. மறைநூலில் தேடுங்கள், ஆனால் வேறு பக்கங்களில்

பெயருக்காக வேதாகமத்தைத் திறக்கிறவர்கள் வழக்கமாகப் போவது மலைப்பிரசங்கத்துக்கும், ‘உம்முடைய வசனம் என் கால்களுக்குத் தீபம்’ என்ற சங்கீதத்துக்கும். உப்பு, விளக்கு, தீபம் எல்லாம் அங்கிருந்து வந்து ஏற்கெனவே குடியேறிவிட்டவை. ஊரைவிட்டு வேறு ஊருக்குப் பிழைக்கப் போனவர்களின் கதைகள் வேதாகமத்தில் குவிந்து கிடக்கின்றன. மும்பைத் தமிழ்ச் சபைக்கு அவைதான் சொந்தப் பக்கங்கள்.

எரேமியா 29ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்குத் தீர்க்கதரிசி கடிதம் எழுதுகிறார். வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், நீங்கள் இருக்கும் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள், அதற்குச் சமாதானம் இருந்தால் உங்களுக்கும் இருக்கும் என்கிறார். ‘பட்டணத்தின் சமாதானம்’ என்பது கொஞ்சம் நீளம்தான். ஆனால் ஊருக்குப் பணம் அனுப்பிக்கொண்டே இங்கே ரேஷன் அட்டைக்கும் வாக்காளர் அட்டைக்கும் அலைந்த தலைமுறைக்கு அந்த வசனம் அந்நியமாக இருக்காது. தவிர, அந்த அதிகாரமே ஒரு கடிதம் என்பதால் இதழுக்கு அதைவிடப் பொருத்தமான மூலம் கிடைப்பது அரிது.

ரூத் ஆகமத்தில் மோவாபிலிருந்து வந்த பெண் பெத்லகேம் வயலில் அறுக்கிறவர்களுக்குப் பின்னால் போய்ச் சிந்தின கதிர்களைப் பொறுக்குகிறாள். ‘சிந்தின கதிர்’ சபை இதழுக்கு அழகான பெயர். பெரிய அறுவடை எதையும் அது உரிமை கொண்டாடவில்லை. அங்கங்கே கிடைத்ததைச் சேர்த்துக் கொடுக்கிறோம் என்கிறது. மாத இதழ் செய்கிற வேலையும் அதுதான். அறுப்பின் பண்டிகையும் அசனம் என்னும் சபை விருந்தும் இன்னும் விடாமல் நடத்துகிற திருநெல்வேலி வழிச் சபைகளுக்கு ‘கதிர்’ என்றால் விளக்கம் வேண்டாம்.

84ஆம் சங்கீதத்தில் கர்த்தருடைய பீடத்தின் அருகில் குருவிகளுக்கு வீடும் கூடும் கிடைத்ததைப் பார்த்துப் பாடுகிறவர் பொறாமைப்படுகிறார். பழைய மொழிபெயர்ப்பில் அந்தக் குருவிகளின் பெயர்கள் அடைக்கலானும் தகைவிலானும். ‘தகைவிலான்’ என்ற சொல்லை இன்று கேட்பவர்கள் குறைவு. அதனாலேயே அது நினைவில் நிற்கும். மும்பையில் அரை அறையில் குடித்தனம் நடத்திய எவருக்கும் ‘கூடு’ என்பதன் பொருள் தெரியும்.

அப்போஸ்தலர் நடபடிகளில் பேதுரு யோப்பா பட்டணத்தில் தோல் பதனிடுகிற சீமோன் என்பவனுடைய வீட்டில் தங்குகிறார். அந்த வீடு கடலோரத்தில் இருந்தது என்றும் சொல்லியிருக்கிறது. துறைமுகப் பட்டணம், கடலோரம், தோல் தொழில் மூன்றும் ஒரே இடத்தில். தாராவிச் சபைக்கு ‘யோப்பா’ என்ற பெயர் வேதாகமத்தில் காத்திருந்ததுபோலவே இருக்கிறது. ஆனால் இந்தப் பெயரை வெளியிலிருந்து ஒருவர் வந்து சூட்டிவிடக் கூடாது. தோல் தொழிலைச் சொல்லியே இழிவுபடுத்தப்பட்ட குடும்பங்கள் சபையில் இருக்கும். அதைப் பெருமையாக எடுத்து அட்டையில் போட அவர்கள் விரும்பலாம். நினைவூட்ட வேண்டாமே என்றும் நினைக்கலாம். அவர்கள் வாயிலிருந்து சம்மதம் வராமல் அந்தப் பெயர் பட்டியலுக்குப் போகக் கூடாது. இன்னொன்று: யோனா கடவுளிடமிருந்து தப்பிக் கப்பலேறிய துறைமுகமும் அதே யோப்பாதான். கூட்டத்தில் யாராவது ஒருவர் இதைக் கண்டுபிடித்துச் சொல்வார், தயாராக இருங்கள்.

சபைப் பெயராகவும் வீட்டுப் பெயராகவும் எங்கும் புழங்கும் எபெனேசர், பெத்தேல், சாலேம் மூன்றையும் விட்டுவிடலாம். அவற்றில் பிழையில்லை, நெரிசல்தான்.

4. ஊர்ப்பெயரை எடுக்கலாமா?

எடுக்கலாம். நம் முன்னோரே அப்படிச் செய்தவர்கள்தான். திருநெல்வேலிப் பகுதியில் 1799இல் உருவான முதல் கிறிஸ்தவக் குடியிருப்புக்கு அவர்கள் வைத்த பெயர் முதலூர். அதைவிட எளிமையாக ஓர் ஊருக்குப் பெயர் வைக்க முடியாது. அதன் பிறகு சாயர்புரம், டோனாவூர், நாசரேத் என்று ஆள் பெயராலும் வேதாகம ஊர்ப்பெயராலும் ஊர்கள் எழுந்தன. அந்த ஊர்களிலிருந்து ரயிலேறியவர்களின் பேரப்பிள்ளைகள் பல மும்பைச் சபைகளில் இருக்கிறார்கள்.

ஆனால் இரண்டு எச்சரிக்கைகள். இந்த நகரத்தின் அதிகாரப்பூர்வப் பெயரே 1995இல் பம்பாயிலிருந்து மும்பையாக மாறியது. பம்பாய் உயர்மறைமாவட்டம் பழைய பெயரையே வைத்துக்கொண்டிருக்கிறது; ஒரு மறைமாவட்டத்துக்கு அந்தக் கம்பீரம் பொருந்தும், நான்கு பக்க இதழுக்குப் பொருந்துமா என்பது வேறு. இரண்டாவது, சபை மக்கள் ஒரே இடத்தில் இருப்பதில்லை. குடிசைப் பகுதிச் சீரமைப்பு, மகனுக்குத் திருமணம், வாடகை என்று ஏதாவது ஒரு காரணத்தால் தாராவிக் குடும்பம் கல்யாணுக்கோ நவி மும்பைக்கோ போய்விடுகிறது. ஞாயிறு மட்டும் ரயிலில் வந்து பழைய சபையிலேயே ஆராதிக்கிறது. பேட்டையின் பெயரை அட்டையில் பெரிதாகப் போட்டால் அவர்களுக்கு அது பழைய முகவரியாகிவிடும். பேட்டைப் பெயரைத் துணைத்தலைப்பில் வைத்தால் இந்தச் சிக்கல் வராது.

சயானில் இருக்கும் சபைக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு. அந்த இடத்தின் ஆங்கில எழுத்துக்கூட்டல் சீயோன் மலையின் பழைய ஆங்கில எழுத்துக்கூட்டலேதான். மராத்தியில் அந்த இடம் ‘ஷீவ்’, அதாவது எல்லை. ‘சீயோன் எல்லை’ என்று இரண்டையும் சேர்த்துப் பெயர் வைத்துப் பார்த்தேன், எனக்குப் பிடித்திருக்கிறது. சயானுக்கு வெளியே இருப்பவர்கள் எடுத்தால் அதில் உயிர் இருக்காது.

5. உங்கள் சபையின் சொல்லில் வையுங்கள்

வேறு சபையிலிருந்து திருமணமாகி வந்தவர் ஒருவராவது ஆசிரியர் குழுவில் இருப்பார். அங்கேதான் சொல் தடுமாறும். கத்தோலிக்கர் செபம், நற்செய்தி, தூய ஆவியார், இறைவாக்கினர், திருமுழுக்கு என்கிறார்கள். சீர்திருத்தச் சபையார் ஜெபம், சுவிசேஷம், பரிசுத்த ஆவி, தீர்க்கதரிசி, ஞானஸ்நானம் என்கிறார்கள். அங்கே பங்கு, அன்பியம், பங்குத்தந்தை. இங்கே சேகரம், போதகர், ஐயர். 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு இரு தரப்பாரும் சேர்ந்து செய்தது என்றாலும், சிஎஸ்ஐ வீடுகளில் அதிகாலையில் வாசிக்கப்படுவது இன்னும் பழைய மொழிபெயர்ப்புதான். ‘சங்கீதம்’ என்று எழுதும் சபையின் இதழுக்குத் ‘திருப்பாடல்’ என்று பெயர் வைத்தால் வாசகர் வாசலிலேயே தயங்குவார்.

கத்தோலிக்கச் சமூகங்களுக்குள்ளேயும் தலைமுறை இடைவெளி உண்டு. மூத்தவர்கள் ‘பூசை’ என்பதை இளையவர்கள் ‘திருப்பலி’ என்கிறார்கள். பெயரில் வழிபாட்டுச் சொல்லைத் தவிர்த்துவிட்டால் இந்தச் சண்டைக்கே இடமில்லை. மடல், கூடு, கதிர், வாசல், கிணறு, அப்பம், துறை போன்ற சொற்கள் எந்தச் சபைக்கும் சொந்தம்.

6. மூன்று எழுத்திலும் எழுதிப் பாருங்கள்

ஊரில் இருக்கும் சபைக்கு இந்தப் படி தேவையில்லை. மும்பையில் இதுதான் முக்கியம். இங்கே வளரும் பிள்ளைகளில் பலர் தமிழ் பேசுவார்கள், எழுத்துக் கூட்டிப் படிக்க மாட்டார்கள். பாட்டுப் புத்தகத்தையே ஆங்கில எழுத்தில் வைத்துக்கொண்டு பாடும் இளைஞர்கள் உங்கள் பாடகர் குழுவிலேயே இருப்பார்கள். இதழின் பெயர் அவர்களுக்கு ஆங்கில எழுத்தில்தான் போய்ச் சேரும். அச்சகத்தில் ரசீது போடுகிறவருக்கும், கூரியர் பையனுக்கும், சில நேரம் மண்டபக் காவலாளிக்கும் தேவநாகரியில்தான் போய்ச் சேரும்.

ஆங்கில எழுத்தில் ‘ஒளி’யும் ‘ஒலி’யும் ஒன்றே. அது கிடந்துவிட்டுப் போகட்டும். ‘வழி’ நிலைமை மோசம். சிலர் எழுதும் முறைப்படி அது ‘வலி’யாகிவிடும், ‘ஜீவ வழி’ என்ற இதழ் வாட்ஸ்அப்பில் உயிர்வலியாக வலம்வரும். ‘கரை’ என்று வைத்தால் ‘கறை’ என்று வாசிப்பவர் உண்டு. ழகரம், ளகரம், றகரம் இருக்கும் பெயர்களை ஒதுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. தமிழின் அழகே அங்கேதான் இருக்கிறது. எழுதிப் பார்த்து, ஒரு கல்லூரி மாணவியிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். அவர் என்ன வாசிக்கிறாரோ அதுதான் உங்கள் இதழின் பெயர்.

தேவநாகரியில் மராத்திக்கு ளகரம் உண்டு என்பது நமக்கு வசதி. ‘ஒளி’ என்று தமிழர் எழுதியதை மராத்தியர் வாசித்தால் அவருக்கு அது எழுத்து வரிகளைக் குறிக்கும் சொல். வெளிச்சத்துக்கு எதிராக மேலே இவ்வளவு பேசிய எனக்கே அங்கே கொஞ்சம் மனம் இளகுகிறது.

சில சொற்கள் இந்த ஊரில் எடுபடவே மாட்டா. ‘ஏடு’ தமிழில் கண்ணியமான சொல். மும்பைத் தெருவில் வளர்ந்த பிள்ளையின் காதில் அது கிறுக்கன் என்பதற்கு இங்கே வழங்கும் சொல்லைப் போலவே விழும். ‘சபை ஏடு வந்துவிட்டது’ என்று அறிவித்தால் கடைசி வரிசையில் சிரிப்பு அடங்க நேரமாகும். இதைக் கண்டுபிடிக்க அகராதி உதவாது. இங்கேயே படித்து வளர்ந்த இளைஞர்களை உட்காரவைத்துப் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பாருங்கள். யார் முகத்திலாவது குறும்பு தெரிந்தால் காரணம் கேளுங்கள்.

7. அறிவிப்பில் சொல்லிப் பாருங்கள்

ஆராதனை முடிவில் செயலாளர் ஒலிபெருக்கியில், ‘இந்த மாத ... வெளியே மேசையில் இருக்கிறது, பெற்றுக்கொள்ளுங்கள்’ என்பார். அந்த இடைவெளியில் பெயரைப் போட்டுச் சத்தமாகச் சொல்லுங்கள். ‘இந்த மாதக் கதிர்’ ஓடுகிறது. ‘இந்த மாதப் பட்டணத்தின் சமாதானம்’ கொஞ்சம் முட்டுகிறது. ‘இந்த மாத இறையருட் பேரொளி முழக்கம்’ என்றால் செயலாளர் அடுத்த மாதமே ‘புக்’ என்று சுருக்கிவிடுவார். பிறகு சபை முழுக்க அதற்கு அதுதான் பெயர். மக்கள் எப்படியும் சுருக்குவார்கள். நீங்களே சுருக்கி வைத்துவிட்டால் அது உங்கள் கையில் இருக்கும்.

8. வேறு யாரிடமாவது அந்தப் பெயர் இருக்கிறதா?

இங்கே இரண்டு நிலை உண்டு. சபை உறுப்பினர்களுக்குள் மட்டும் சுற்றும் இதழ்கள் வழக்கமாகத் ‘தனிச்சுற்றுக்கு மட்டும்’ என்று உள்ளட்டையில் அச்சிட்டுக்கொள்கின்றன. பொதுச்செய்தியும் அதன்மீது கருத்தும் வெளியிட்டு, சந்தா வாங்கி, வெளியாருக்கும் விற்று, தபாலில் பத்திரிகைச் சலுகைக் கட்டணத்தில் அனுப்ப எண்ணினால் பதிவு வேண்டும். 1867ஆம் ஆண்டின் பழைய அச்சகச் சட்டத்துக்குப் பதிலாக 2023ஆம் ஆண்டின் பத்திரிகை மற்றும் பருவ இதழ்கள் பதிவுச் சட்டம் 2024 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. விண்ணப்பம் ‘பிரஸ் சேவா’ இணையதளத்தில். பொறுப்பான அலுவலகத்தின் பெயரும் இப்போது இந்தியப் பத்திரிகைத் தலைமைப் பதிவாளர் அலுவலகம் என்று மாறிவிட்டது. அச்சகத்தில் இன்னும் பழைய பெயரின் சுருக்கமான ஆர்.என்.ஐ. என்றுதான் சொல்வார்கள்.

பெயர் தொடர்பான விதி நமக்கு இரட்டிப்பாகக் கடிக்கும். அதே பெயரோ அதை ஒத்த பெயரோ தமிழில் நாட்டின் எந்த மூலையில் பதிவாகியிருந்தாலும் கிடைக்காது. மகாராஷ்டிரத்தில் வேறு எந்த மொழியில் பதிவாகியிருந்தாலும் கிடைக்காது. ஆகவே தமிழ்நாட்டுப் பெயர்களை மட்டும் தேடினால் போதாது, மராத்தி, இந்தி, குஜராத்தி, ஆங்கிலப் பெயர்களையும் ஒரு பார்வை பார்க்க வேண்டும். ‘ஞானோதயம்’, ‘சந்தேஷ்’, ‘ஜோதி’ போன்ற வடசொற்கள் எல்லா மொழிக்கும் பொது என்பதால் மோதல் அங்கேதான் அதிகம். தனித்தமிழ்ச் சொல் வைத்தால் இந்தத் தொல்லை குறைகிறது. பதிவு செய்யப்போவதில்லை என்றாலும் ஒருமுறை தேடிப் பார்ப்பது மரியாதை. பக்கத்துச் சபையில் அதே பெயரில் இளைஞர் இதழ் ஒன்று வந்துகொண்டிருந்தால் சங்கடம் உங்களுக்குத்தான்.

கத்தோலிக்கர்களுக்கு இன்னொரு குறிப்பு. திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 216ஆம் விதிப்படி, உரிய திருச்சபை அதிகாரியின் ஒப்புதல் இல்லாமல் எந்த முயற்சியும் தன்னைக் ‘கத்தோலிக்க’ என்று அழைத்துக்கொள்ளக் கூடாது. பங்குத்தந்தையின் ஆசியோடு நடக்கும் இதழ்தானே என்று விட்டுவிடாமல், அந்தச் சொல் பெயரில் இருந்தால் அவரிடமே கேட்டு மறைமாவட்ட ஒப்புதலையும் வாங்கிவிடுங்கள். மற்றச் சபைகளில் சேகரக் கமிட்டியின் தீர்மானப் புத்தகத்தில் பெயர் ஏறிவிட்டால் போதும்.

9. முடிவு எடுப்பது

பரிசுப் போட்டி வைக்காதீர்கள். பரிசு கொடுத்த பெயரை வைத்தே ஆக வேண்டிய கட்டாயம் வரும். அது நன்றாக இல்லாவிட்டால் கொடுத்தவர் மனமும் புண்படும், இதழும் கெடும். அதற்குப் பதிலாக வாசலில் ஒரு பெட்டி வைத்து, இரண்டு ஞாயிறுகளில் சீட்டு வாங்குங்கள். சீட்டில் எழுதியவர் பெயர் வேண்டாம், பெயருக்கான காரணம் மட்டும் ஒரு வரி வேண்டும். எந்தச் சீட்டையும் அப்படியே ஏற்கும் கடமை இல்லை என்பதை முன்பே அறிவித்துவிடுங்கள். சிலநேரம் பெயர் மோசமாக இருக்கும், காரணத்தில் எழுதிய வரியில் நல்ல பெயர் ஒளிந்திருக்கும்.

சீட்டுகளிலிருந்து மூன்று பெயர்களைப் பிரிப்பது யார்? இதழுக்கு உண்மையில் எழுதப்போகிறவர்கள். நடைமுறையில் அது பெண்கள் ஐக்கியமும், ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியரும், இளைஞர்களில் இரண்டு பேரும்தான். கமிட்டியில் இருப்பவர்கள் எல்லாரும் எழுத மாட்டார்கள். பெயர் வைக்கும் நாளில் மட்டும் எல்லாரும் வருவார்கள். மூன்றைப் பிரிக்கும் உரிமை எழுதுகிறவர்களுக்கு, மூன்றில் ஒன்றை உறுதி செய்யும் உரிமை கமிட்டிக்கு என்று முதலிலேயே பேசிக்கொண்டால் குரல் உயராது.

கொடையாளர் பெயரையோ, இப்போதைய போதகரின் விருப்ப வசனத்தையோ இதழுக்குச் சூட்டாதீர்கள். போதகர்களும் பங்குத்தந்தைகளும் சில ஆண்டுகளில் மாற்றலாகிப் போவார்கள். அவரை நினைத்து வைத்த பெயரோடு வாழ வேண்டியவர் அடுத்து வருகிறவர். ஆண்டு விழாப் பெயரும் வேண்டாம். ‘பொன்விழா மலர்’ ஒரு மலருக்குச் சரி, அதுவே மாத இதழின் பெயரானால் 53ஆம் ஆண்டில் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

வாக்கெடுப்பில் இரண்டு பெயர்கள் சமமாக வந்தால் இரண்டையும் ஒட்டி ஒன்றாக்கும் யோசனை கட்டாயம் எழும். ‘கதிர்’, ‘மடல்’ இரண்டுக்கும் சம வாக்கு, ஆகவே ‘கதிர்மடல்’. இந்தச் சமரசம் சபை ஒற்றுமைக்கு உதவலாம், பெயருக்கு உதவாது. மூத்த பெண்மணி ஒருவரைக் கூப்பிட்டு இரண்டையும் சொல்லிக் காட்டி, அவர் எதைத் திரும்பச் சொல்கிறாரோ அதை எடுங்கள்.

10. அட்டைக்குப் போகும் முன்

முடிவான பெயரைக் கைப்பேசித் திரையில் சிறியதாக வைத்துப் பாருங்கள். இதழை முதலில் பார்க்கப்போவது அங்கேதான். கொம்பும் சுழியும் நிறைந்த நீண்ட சொல் சின்ன அளவில் கருத்த திட்டாகிவிடும். அலங்கார எழுத்துரு வேண்டாம். சபையில் கையெழுத்து அழகாக உள்ள ஒருவர் இருந்தால் அவரையே எழுதச் சொல்லி அதைப் படமெடுத்துப் பயன்படுத்துங்கள். அந்த எழுத்தே நாளடைவில் இதழின் முகமாகும்.

பெயருக்குக் கீழே துணைத்தலைப்பு ஒரே வரியில்: சபையின் பெயர், பேட்டை, மும்பை, மாத இதழா காலாண்டிதழா என்பது. ஆங்கில எழுத்தில் பெயரின் ஒலிப்பை அதற்கும் கீழே சிறியதாகப் போடலாம். ஆங்கிலத்தில் பொருளை மொழிபெயர்த்துப் போட வேண்டாம். இரண்டு பெயர் ஆகிவிடும், பிள்ளைகள் ஆங்கிலப் பெயரையே பிடித்துக்கொள்வார்கள்.

முதல் இதழில் ‘ஏன் இந்தப் பெயர்’ என்று அரைப் பக்கம் எழுதுங்கள். வசனத்தைக் குறிப்பிடுங்கள், யார் சொன்ன பெயர் என்பதை அவர் சம்மதித்தால் சொல்லுங்கள், தேர்வாகாத நல்ல பெயர் ஒன்றையும் குறிப்பிட்டால் பெட்டியில் சீட்டுப் போட்டவர்கள் மகிழ்வார்கள். தொகுதி 1, இதழ் 1 என்ற எண்ணிடலையும் அன்றே தொடங்கிவிடுங்கள். நடுவில் ஓரிரு மாதம் நின்றுபோய் மறுபடி தொடங்கினாலும் எண் தொடர வேண்டும், பெயரை மாற்றக் கூடாது. தீர்மானப் புத்தகத்தில் பெயர், தேதி, தலைமை வகித்தவர் கையெழுத்து மூன்றும் இருக்கின்றனவா என்று ஒருமுறை சரிபார்த்துவிட்டு அச்சகத்துக்குக் கொடுங்கள்.